அயல்நாடும் அயல்வீடும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் காவிரியாறு தோன்றும். அதற்கு அப்பால் தென்னையும் வாழையும் செறிந்த தீவாகத் திருவரங்கம் விளங்கும். அத்தீவின் வடகரையைக் கொள்ளிடம் தழுவிச் செல்லும். ஏழு திருச்சுற்றுகளின் நடுவே கோயில் அமைந்திருக்கும். தெற்கு வாயிலில், 1987ஆம் ஆண்டில் நிறைவுற்ற 236 அடி உயர இராசகோபுரம் ஓங்கி நிற்கும். இக்காட்சியில் 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர்ப் புதியதொரு பொருளும் இடம்பெற்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மாடிகளின்மேல், வானத்தை நோக்கி வாய் திறந்த பெரிய கிண்ணங்கள் எழுந்தன. மக்கள் அவற்றை ‘டிஷ்’ என்று அழைத்தனர். தொலைவிலுள்ள நாடுகளின் தொலைக்காட்சியை வீட்டிற்குள் கொண்டுவரும் அலைவாங்கிகள் அவை.

தொலைவில் நிகழ்வதை அறியவேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு இயல்பானது. திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் வானொலி நிலையம் தோன்றியது. அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் வீட்டுக் கூரையின்மேல் இரு கழிகளை நட்டு, அவற்றினிடையே செப்புக் கம்பியைக் கட்டுவார்கள். அக்கம்பி உள்ளூர்ப் பாட்டை வாங்கித் தந்ததோடு நில்லாமல், இரவு நேரங்களில் கடல் கடந்த நாடுகளின் குரலையும் கொணர்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டார் விரும்பிக் கேட்டனர். ஒலி வந்த வழியே ஒளியும் வாராதோ என்று பலர் ஏங்கினர். அவ்வேக்கம் நிறைவேறுதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமியோடு ஒத்துச் சுழலும். தரையிலிருந்து காண்பவர்க்கு அசையாது நிற்பதாகவே தோன்றும். அதன் வழியாகச் செய்திகளை நாடுதோறும் அனுப்பலாம். இக்கருத்தை அவர் 1945ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1964ஆம் ஆண்டில் ‘சின்காம் 3’ என்னும் செயற்கைக்கோள் அவ்வாறே நிலைநிறுத்தப்பட்டது. கிளார்க் 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் கொழும்பிலிருந்த அவர் இல்லத்தில் பெரியதோர் அலைவாங்கியை அமைத்துக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே தோன்றாத காலம் அது. தாம் கருத்தில் கண்ட வியப்பை அவர் தம் வீட்டிலேயே கண்ணாரக் கண்டார். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், இந்தியாவில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள், கம்பி வலையால் செய்த பத்தடி அலைவாங்கிகளின் துணையால் கல்வி நிகழ்ச்சிகளைக் கண்டன.

வீட்டு மாடிகளில் டிஷ் பெருகியதற்குக் காரணமான கோள் ‘ஆசியாசாட் 1’ என்பது. அதன் வரலாறு சுவையானது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் வேறொரு பெயருடன் விண்ணுக்கு ஏகிய அது, உரிய இடத்தை அடையாமல் வழி தவறியது. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க விண்வெளி வீரர்கள் அதனைப் பற்றி, ஓடத்தில் ஏற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தனர். பழுது நீங்கிய அக்கோள் 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சீனத்து ஏவூர்தி ஒன்றினால் மீண்டும் விண்ணில் செலுத்தப்பட்டது. இழந்த பொருள் திரும்பிவந்து ஆசியக் கண்டத்துக்குப் பயன்பட்டது. 1991ஆம் ஆண்டு முதல் ஆங்கிலச் செய்தியும் விளையாட்டும் இசையும் அதன் வழியாக வந்தன. பாகிஸ்தான், மியான்மர், மங்கோலியா ஆகிய நாடுகளும் தம் நிகழ்ச்சிகளை அதன் வழியாக அனுப்பின.

இத்தகைய கோளிலிருந்து வரும் அலை மிக மெலிந்தது. பூமியின் குறுக்களவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவைக் கடந்து வருவதால் அதன் வலிமை குன்றிவிடுகிறது. கிண்ணம் பெரிதாயின் மிகுதியான அலையைத் திரட்டலாம். அதன் வளைவு, தன்மேல் விழும் அலைகளையெல்லாம் குவியம் என்னும் ஒரு புள்ளியில் கொண்டு சேர்க்கிறது. அப்புள்ளியில் பொருத்திய சிறு கருவி, திரண்ட அலையைப் பெருக்கி, கம்பிவடத்தின் வழியே வீட்டினுள் அனுப்புகிறது. திசையில் ஒரு பாகை பிறழ்ந்தாலும் படம் மறைந்துவிடும். ஆகவே டிஷ் அமைப்பவர்க்கு வலிமையைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும்.

திருவரங்கத்தில் அவ்வாறு டிஷ் அமைக்க முற்பட்ட பெரியவர் ஒருவரை மனக்கண்முன் கொண்டுவரலாம். அவர் பொன்மலை இரயில்வே தொழிற்சாலையில் பல ஆண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். இளமை முதல் சிற்றலை வானொலி கேட்பதில் பெருவிருப்பம் உடையவர். மாஸ்கோவில் பெய்யும் பனியும், இலண்டனில் நடக்கும் தேர்தலும் அவருக்கு உள்ளூர்ச் செய்திபோலத் தெரியும். 1994ஆம் ஆண்டில், சேமித்து வைத்த பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டுப் பன்னிரண்டு அடி வலைக்கிண்ணம் ஒன்றை வாங்கினார்.

அவருடைய வீடு மேற்கு நோக்கியது. தெருவிலிருந்து கொல்லைவரை ஒடுங்கி நீண்டது. மாடியின் கிழக்குக் கோடியில், உறுதியான சுவரின்மேல் சிமெண்டு மேடை கட்டி, இரும்புக் கம்பத்தை நாட்டினார். தூக்குக்குண்டும் இரசமட்டமும் வைத்துக் கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து நோக்கும்போது அந்தக் கோள் கிழக்குத் திசையில், இருபது பாகை தெற்கே சாய்ந்து, அடிவானிலிருந்து ஐம்பத்தாறு பாகை உயரத்தில் நிற்கும். திசைகாட்டியும் பாகைமானியும் கொண்டு கிண்ணத்தை அவ்வாறே திருப்பினார். இரண்டு நாள் முயற்சிக்குப்பின் திரையில் பனித்தூவல் போன்ற புள்ளிகளினூடே ஓர் உருவம் தோன்றியது. ஆனால் அது நிலைக்கவில்லை. காற்று வீசும்போதெல்லாம் படம் மறைந்தது. காற்று ஓய்ந்தால் மீண்டும் தோன்றியது.

காரணத்தை அறிய அவருக்கு நெடுநேரம் ஆகவில்லை. தென்பக்கத்து வீட்டுக் கொல்லையில் நெடிது வளர்ந்த தென்னை ஒன்று நின்றது. காற்றில் அதன் மட்டைகள் அசைந்து அலையின் பாதையை மறைத்தன.

அவ்வீட்டில் முதிய அம்மையார் ஒருவர் தனியே வாழ்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தும், திருநாள்களில் பலகாரம் கொடுப்பதும் வாங்குவதும் அன்றி இருவருக்கும் மிகுந்த பேச்சு இருந்ததில்லை. பெரியவர் தயங்கியவாறே அவ்வீட்டு வாயிலுக்குச் சென்றார்.

“அக்கா, உங்கள் தென்னை என் டிஷ்ஷுக்கு மறைப்பாக நிற்கிறது. ஓலையைக் கழித்தாலும் மீண்டும் தழைத்துவிடும். மரத்தை நீக்க இசைந்தால், அதற்குரிய விலையைத் தந்துவிடுகிறேன்” என்றார்.

அம்மையார் சிறிது நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, நாங்கள் இவ்வூருக்கு வந்த ஆண்டில் வைத்த கன்று இது. நான் பிறந்தது இரங்கூனில். 1964ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறினோம். அங்கே எங்கள் வீட்டு வாயிலில் ஒரு தென்னை இருந்தது. அதன் நினைவாகவே என் கணவர் இதை வைத்தார். ஆயினும், ஒரு மரத்துக்காக அடுத்த வீட்டாரோடு மனம் வேறுபடலாமா? வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள். விலை வேண்டாம்” என்றார்.

பெரியவர் மறுமொழி கூறாமல் வீடு திரும்பினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பர்மாவில் 1962ஆம் ஆண்டில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றியதையும், பின்னர் வணிகங்கள் அரசுடைமையானதையும், 1964ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாதனவானதையும் அவர் வானொலியில் கேட்டிருந்தார். இலட்சக்கணக்கான இந்தியர்கள் அந்நாட்டை விட்டு வெளியேறிய செய்தியும் அவர் அறிந்ததே. ஆனால் அச்செய்தியில் இடம்பெற்றவருள் ஒருவர் தம் சுவருக்கு அப்பால் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததை அவர் அறிந்திலர். கடல் கடந்த நாடுகளின் குரலுக்குச் செவி சாய்த்தவர், அடுத்த வீட்டாரை நோக்கி, ‘நீங்கள் எவ்வூர்?’ என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. அயல்நாட்டைக் காண்பதற்காக அயல்வீட்டின் மரத்தைச் சாய்ப்பதா என்னும் எண்ணம் அவர் நெஞ்சைச் சுட்டது.

பொழுது விடிந்தது. பெரியவர் ஒரு கயிற்றையும் பாகைமானியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். பள்ளியில் கற்ற முக்கோணக் கணக்கு அப்போது அவருக்குக் கைகொடுத்தது. மரத்தின் நுனி மாடித் தளத்துக்குமேல் ஏறத்தாழ நாற்பது அடி உயர்ந்திருந்தது. கோள் ஐம்பத்தாறு பாகை உயரத்தில் நிற்பதால், மரத்திலிருந்து இருபத்தேழு அடிக்கு அப்பால் கிண்ணத்தை வைத்தால் அலையின் பாதை மரத்தின் தலைக்குமேலாகவே வந்துவிடும். மாடியின் மேற்குக் கோடிக்குக் கம்பத்தை மாற்றினால் போதும். மரத்தை வெட்டினால் ஒரு நாள் வேலை. கம்பத்தை மாற்றினால் பத்து நாள் வேலை. செலவும் மிகுதி. ஆயினும் அவர் மேடையை உடைக்கத் தொடங்கினார்.

பழைய மேடையை உடைத்து, புதிய மேடை கட்டி, சிமெண்டு இறுகும் வரையில் ஏழு நாள் நீர் விட்டுக் காத்தார். கம்பிவடத்தை நீட்டினார். மீண்டும் தூக்குக்குண்டு, மீண்டும் இரசமட்டம். கிண்ணத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியபோது, கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, “வந்துவிட்டது!” என்று குரல் கொடுத்தார். இம்முறை காற்று வீசியும் படம் கலையவில்லை.

ஒவ்வோர் அலைவரிசையாகத் தேடிக்கொண்டு வந்தபோது, அறியாத எழுத்தும் அறியாத மொழியும் திரையில் தோன்றின. உருண்டை உருண்டையான எழுத்துகள். பின்னால் பொன்னொளி வீசும் பெரியதொரு பகோடா. பெரியவர் கண நேரம் அசையாது நின்றார். பின்னர் விரைந்து அடுத்த வீட்டு வாயிலுக்குச் சென்று, “அக்கா, சிறிது வந்து பாருங்கள்” என்றழைத்தார்.

மரத்தைப் பற்றிய பேச்சோ என்று எண்ணியவாறு வந்த அம்மையார், திரையைக் கண்டதும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்குப்பின் சுவேடகோன் பகோடா அவர் கண்முன் நின்றது. செய்தி வாசிப்பவரின் சொற்களை அவர் உதடுகள் மெல்லத் திருப்பிச் சொல்லின. திரையில் காட்டிய கடிகாரம் ஏழு மணியைக் காட்டியது. கூடத்துக் கடிகாரத்தில் மணி ஆறுதான். “ஆம், அங்கே ஒரு மணி நேரம் முன்னதாகவே பொழுது போகும்” என்று கூறிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அன்று முதல் மாலைதோறும் அம்மையார் அங்கு வரலானார். பெரியவருக்குப் புரியாத பர்மியச் செய்தியை அவர் தமிழில் எடுத்துரைப்பார். இரங்கூன் தெருக்களையும், ஆங்கிருந்த தமிழர் கடைகளையும், கப்பலேறிய நாளையும் பற்றிக் கூறுவார். பெரியவர் சிற்றலை வானொலியில் பெற்ற செய்திகளினும் அவை உயிருடையனவாக இருந்தன. விண்ணிலிருந்து வந்த அலையைக் கிண்ணம் திரட்டித் தந்தது. அதன் பொருளை அடுத்த வீட்டார் விளக்கித் தந்தார்.

காலம் மாறியது. 2003ஆம் ஆண்டுக்குப்பின் வீட்டுக்கு நேரே வரும் ஒளிபரப்பு தொடங்கவே, இரண்டடிக் கிண்ணமே போதுமானதாயிற்று. பன்னிரண்டு அடிக் கிண்ணங்கள் பல துருவேறிப் பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றன. இன்று உலகச் செய்தி கைப்பேசியிலேயே வந்து விழுகிறது. தொலைவை அறிவதற்குக் கம்பம் நாட்டவேண்டியதில்லை. பாகை அளக்கவேண்டியதும் இல்லை. ஆனால் அண்மையில் இருப்பவரை அறிவதற்கான முயற்சியை எந்தக் கருவியும் குறைத்துவிடவில்லை. அதற்கு எழுந்து சென்று கதவைத் தட்டவேண்டும், கேட்கவேண்டும், பொறுமையோடு செவி சாய்க்கவேண்டும்.

தொலைவைக் கிட்டக் கொணர்வது அறிவின் வெற்றி. அவ்வெற்றி, கிட்ட இருப்பாரை எட்ட நிறுத்துவதற்குக் காரணமாகலாகாது. அயல்நாட்டை அறிய விழைவோர் அயல்வீட்டையும் அறிதல் வேண்டும். சில வேளைகளில் இரண்டும் ஒன்றாகவே இருத்தலும் கூடும்.