கொட்பே மேல் போட்ட பழி

மார்கழி வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். கொட்பே மீன்பிடித் துறைமுகமோ ஊருக்குத் தென்மேற்கே, சீனக்குடாப் பக்கம். திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான், "மெஷின் பக்கம் மீன் மணம் மாதிரி ஏதோ கருகுது அன்ரி" என்று வேலைக்கு வரும் பிள்ளை சொன்னபோது, "கொட்பேயில வள்ளம் வந்திருக்கும், போய் வேலையைப் பார்" என்றேன்.

இந்த மழையில் கொடியில் எதுவும் காயாது. உட்துறைமுக வீதியில் அறை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள் நான். லண்டன் மச்சாள் அனுப்பிய டிரையரை நிற்பாட்டினால் விரிப்பெல்லாம் ஈரத்தில் நாறும், வந்த ஆட்கள் போய்விடுவார்கள். சாம்பிராணி போட்டு மணத்தை அமத்தினேன். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு டிரையரில் பிடித்த தீ மாடி மாடியாக ஏறிய கதையை மச்சாள் சொல்லியிருந்தார். அது வேறு மெஷின் என்று விட்டுவிட்டேன்.

பிளக் உருகிச் சுவரோடு ஒட்டிய பிறகுதான் வயரிங் தம்பியைக் கூப்பிட்டேன். வடியை இழுத்தார், உள்ளே பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்து கிடந்தது. காற்றுப் போக வழியில்லாமல் மெஷின் மணிக்கணக்கில் ஓடியிருக்கிறது. 2500 வாட் ஹீற்றர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 அம்பியர் இழுக்கும். அதே நீட்டுவயரில் அயன்பெட்டியையும் கொளுவியிருந்தேன். தாங்குவது 13 அம்பியர், அதுவும் தொடுப்பு இளகிக் கிடந்தது. மீன் மணம் சூடேறிய பிளக்கினுடையது. பெல்ட் தேய்ந்தால் றப்பர் மணக்குமாம், பஞ்சு கருகினால் கடதாசி எரிந்த மணமாம்.

இதுவரை சொன்னது அசட்டை. மற்றது அப்படியல்ல. எவ்வளவு உடுப்புப் போட்டாலும் ஹீற்றர் இழுக்கும் கறண்ட் ஒன்றுதான் என்று தம்பி எனக்கு விளங்கப்படுத்திவிட்டுத்தான் போனார். அன்று பின்னேரமே, "நீ கனக்கத் திணிச்சதாலதான் எரிஞ்சது" என்று சொல்லி, திருத்தின காசை அந்தப் பிள்ளையின் சம்பளத்தில் பிடித்தேன். அவள் வாய் திறக்கவில்லை. நீட்டுவயரைக் கொளுவினது யார் என்று அவளுக்கும் தெரியும்.

தையில் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தேன், பொங்கல் காசு என்று சொல்லி. எனக்கு நல்ல மனம் என்று அவளின் தாய் வந்து சொல்லிவிட்டுப் போனார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.