பக்கத்து வீட்டுச் சுவர்

எங்கள் குளியலறையின் பழைய டைல்ஸைப் பெயர்த்தபோதுதான், பக்கத்து வீட்டாரின் சுவர் ஏன் ஈரம் பூத்திருந்தது என்பது விளங்கியது. அவர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. அண்டை வீட்டாரின் உரிமையை மதரஸாவில் பாடமாக நடத்தும் நாங்களும் கேட்கவில்லை.

டைல்ஸே நீரைத் தடுக்கும் என்று எண்ணியிருந்தோம். அதன் இடுக்குச் சாந்தின் வழியே நீர் இறங்கிவிடும். தடுப்பது அடியிலுள்ள பூச்சுதான். இம்முறை மூலைகளில் வலைத்துணி பதித்து, தரையிலும் சுவரிலும் இரு முறை பூசினோம். முதற்பூச்சு காய்ந்த பின்னரே இரண்டாவது. பூச்சு நன்கு உலர்ந்ததும் வடிகுழாயை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி, மட்டத்தில் கோடிட்டு, 24 மணி நேரம் விட்டுவைத்தோம்.

“ஒரு நாள் வேலை வீணாகுதே ஹஜ்ரத்” என்றார் கொத்தனார்.

மறுநாள் லுஹருக்குப் பின் பார்த்தோம். நீர் கோட்டிலேயே நின்றது. பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டோம். சுவர் உலர்ந்ததும் எங்கள் செலவில் வர்ணம் பூசித் தருவதாகக் கூறினோம்.