காணாமற்போன இருபது ஜிகாபைட்

எங்கள் பள்ளிக் கணினிக் கூடத்தில் இருபது கணினிகள் இருக்கின்றன. ஆண்டுக்கொருமுறை அவற்றை இருப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இவ்வாண்டு அப்பொறுப்பைத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் கணினி மன்றத்தைச் சேர்ந்த எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை!

ஒவ்வொரு கணினியையும் திருப்புளி கொண்டு திறக்க வேண்டுமோ என்று முதலில் அஞ்சினோம். கணினி ஆசிரியை சிரித்தார்கள். "உள்ளே என்ன இருக்கிறது என்று கணினியிடமே கேட்கலாமே! ஒரு நிரல் எழுதுங்கள்" என்றார்கள்.

எங்கள் கணினிகளில் இயங்குவது லினக்ஸ். அதில் 'ப்ராக்' என்றொரு அடைவு உண்டு. அதிலுள்ள 'சிபியூஇன்ஃபோ' செயலியைப் பற்றிச் சொல்லும். 'மெம்இன்ஃபோ' நினைவகத்தைப் பற்றிச் சொல்லும். வேடிக்கை என்னவென்றால், இவை வட்டில் எழுதி வைக்கப்பட்ட கோப்புகளே அல்ல. நாம் திறக்கும் அந்நொடியில் இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் விடையை எழுதித் தருகிறது. பைத்தான் மொழியில் பதினைந்து வரிகளில் ஒரு நிரல் எழுதி, பென் டிரைவில் எடுத்துச் சென்று ஒவ்வொரு கணினியிலும் ஓட்டினோம்.

செயலியின் பெயர் பதிவேட்டோடு பொருந்தியது. நினைவகம் பொருந்தவில்லை. பதிவேட்டில் 4 ஜிகாபைட், திரையில் 3. அடுத்த கணினியிலும் 3. இருபதிலும் அப்படியே! இருபது ஜிகாபைட் எங்கே போயிற்று?

கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? லேப் அக்காவிடம். விடுமுறையில் கணினிகளைத் திறந்து தூசி துடைப்பவர் யார்? அவரேதான். இதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை. நினைவகம் என்பது ஒரே பட்டை. சர்க்கரையை அள்ளுவது போல அதில் கால் பங்கை மட்டும் எடுக்க முடியாது என்பதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு தோழியரிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னோம். மதிய மணி அடிப்பதற்குள் அந்த இரகசியம் மாடிப்படி ஏறி ஆறாம் வகுப்பு வரை போய்விட்டது.

மறுநாள் அக்காவின் முகம் வாடியிருந்தது. ஆயினும் அவர் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "உங்க நிரலைக் காட்டுங்க" என்றார். பார்த்தவுடன் ஒரு வரியில் விரலை வைத்தார். மெம்இன்ஃபோ தந்தது 38,12,340 கிலோபைட். அதை 1024ஆல் இருமுறை வகுத்தால் 3.64 வரும். நாங்களோ வகுக்கும் குறியை இரட்டைக் கோடாக இட்டிருந்தோம். பைத்தானில் அது பின்னத்தை வெட்டிவிடும். 3.64 வெறும் 3 ஆகிவிட்டது!

"மீதி 0.36 எங்கே அக்கா?" என்று மெல்லக் கேட்டோம். எங்கள் கணினிகளில் படம் காட்டுவதற்கெனத் தனி அட்டை இல்லை. அதற்கு வேண்டிய இடம் பொது நினைவகத்திலிருந்தே ஒதுக்கப்படுகிறது. கர்னலும் தனக்கெனக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. மெம்இன்ஃபோ சொல்வது மிச்சமுள்ள, பயன்படுத்தக்கூடிய அளவை. பொருத்தப்பட்ட அளவை அன்று.

பின்பு அக்கா நிர்வாகியின் கடவுச்சொல்லை இட்டு, 'டிஎம்ஐடிகோட்' என்னும் ஆணையைத் தந்தார். கணினி விழித்தெழும்போது பயாஸ் நிரப்பி வைக்கும் அட்டவணையை அது படித்துக் காட்டுகிறது. முதல் செருகுவாயில் 4096 மெகாபைட், இரண்டாவது காலி. "இந்த அட்டவணையும் சில நேரம் தவறா இருக்கும்" என்று கூறி, மின்சாரத்தை நிறுத்தி, பக்கவாட்டுத் தகட்டையும் கழற்றினார். பச்சைப் பட்டையின்மேல் 4 ஜிபி என்று ஒட்டியிருந்தது. எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, எங்களை மன்னித்துவிடுங்கள்" என்றோம்.

"கணினி பொய் சொல்லலை, பிள்ளைகளா. நீங்க கேட்டதுக்குத்தான் பதில் சொல்லிச்சு" என்றார் அவர்.

அன்று மாலையே வகுப்பு வகுப்பாகச் சென்று, தவறு எங்களுடையது என்று சொன்னோம். வதந்தி ஏறிய படிகளில் உண்மையை ஏற்றுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிலர் நம்பினார்கள், சிலர் சிரித்தார்கள். ஒரு சிறுமி, "அப்படியானால் எடுத்தது யார்?" என்றே மீண்டும் கேட்டாள்.

இப்போது எங்கள் நிரலில் 'பொருத்தப்பட்டது', 'பயன்படுவது' என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. பின்னமும் வெட்டப்படுவதில்லை. இருபது கணினிகளிலும் ஒரு செருகுவாய் காலியாக இருப்பதை அறிக்கையில் எழுதினோம். புதுக் கணினி வாங்காமலே நினைவகத்தைக் கூட்ட வழியுண்டு என்று சிஸ்டர் அவர்கள் மகிழ்ந்தார்கள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். திரையில் காண்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நாங்கள் கற்ற பாடம். எண் தவறினால் ஒரு வரியைத் திருத்திவிடலாம். ஒருவர் நெஞ்சில் பட்ட காயத்தை அப்படித் திருத்த இயலுமா?

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு