மின்னலுக்கு எத்தனை கிலோமீட்டர்?

சிப்பிப்பாறை நாயை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வளர்க்க முடியுமா என்று முதலிலேயே யாராவது கேட்டிருந்தால், அந்த வீட்டில் எல்லோருமே 'முடியாது' என்றுதான் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. 2018-ல் வெளியான 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைப் பார்த்த நாளிலிருந்தே மகனுக்கு அந்த நாய் மேல் ஒரு கண். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, முதல் சம்பளம் கைக்கு வந்ததும் கோவில்பட்டிப் பக்கம் போய் ஒரு ஆண் குட்டியைத் தூக்கி வந்துவிட்டான். பெயர் மின்னல். வீடு சென்னை திருவான்மியூரில், மருந்தீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். 850 சதுர அடி.

ஒரே வருடத்தில் மகனுக்குப் புனேவுக்கு மாற்றல். மின்னல் இங்கேயே நின்றுவிட்டான். அம்மாவுக்கு 47 வயது, அரசு அலுவலகத்தில் வேலை. அப்பாவுக்கு மூட்டுவலி. காலையில் பத்து நிமிடம், ராத்திரி பத்து நிமிடம் தெருமுனை வரை போய்விட்டு வருவதுதான் மின்னலுக்குக் கிடைத்த வெளியுலகம்.

மீதி நேரத்துக்கு அவன் சோபாவை எடுத்துக்கொண்டான். முதலில் ஒரு ஓரம், பிறகு பஞ்சு முழுவதும். அப்பாவின் கண்ணாடிக்கூடு, கேஸ் புத்தகம், ஒரு பட்டுப்புடவையின் முந்தானை. ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவன் பாயும் சத்தம் கீழ்வீட்டுக்கு இடி இடிப்பதுபோல் கேட்டதாம். ஆள் இல்லாத பகல் நேரத்தில் ஊளை வேறு. பிப்ரவரியில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. 'மூன்று மாதத்துக்குள் நாய்க்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும்.'

செல்லப் பிராணிகளை வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது. இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால், கீழ்வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள், அவளுக்குப் பரீட்சை. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீட்டாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கோவில்பட்டியில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டார். "மே மாசம் பிள்ளைங்களுக்கு லீவு விடவும் வாரேன்க்கா. வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார் தம்பி.

கொடுத்துவிடப் போகிற நாய்தான், அதற்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனார். அவர் மின்னலின் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வியாதி ஒண்ணும் இல்லைம்மா. இவன் முயல் விரட்டுறதுக்குன்னே பிறந்த ஜாதி. ஓட விடாம வெச்சிருக்கீங்க. அதான் சோபாவைக் கடிக்கிறான்."

மெலிந்த இடுப்பு, ஆழமான நெஞ்சுக்கூடு, நீளமான கால். சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டக் கரிசல் காட்டில் கண்ணால் இரையைப் பார்த்து விரட்டுவதற்காகவே வளர்க்கப்பட்டவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் ஊர் நாய்கள் வரிசையாக இடம்பிடித்தன. புகழ் வந்தது, நகரத்தில் வாங்குகிறவர்களும் வந்தார்கள். ஓடுகிற இடத்தை மட்டும் யாரும் கூடவே வாங்கித் தரவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அம்மா சுடிதாரில், ஆபீஸ் செருப்போடு இறங்கினார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பிறகு அவர் ஓடியதே இல்லை. பிடி நழுவக் கூடாது என்று கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். ஒரு பூனை குறுக்கே போனது. அவ்வளவுதான். இரண்டு முழங்காலும் உள்ளங்கையும் தோல் உரிந்து வீடு திரும்பினார். "இது நமக்குத் தேவையா?" என்று அப்பா டெட்டால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

மருத்துவர் போனிலேயே பாடம் எடுத்தார். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. கழுத்துப் பட்டையில் கட்டி ஓட விட்டால் தொண்டை நசுங்கும். நெஞ்சோடு சேர்த்து மாட்டுகிற பட்டை வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டி, அதில் இழுபடுகிற கயிற்றை மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் ஃப்ரீ. ஐரோப்பாவில் 'கேனிகிராஸ்' என்று இதற்குப் போட்டியே நடத்துகிறார்கள். சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஓட்டம் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மின்னலுக்கு ஒன்றேகால் வயது என்பதால் பரவாயில்லை. எலும்பு முற்றாத குட்டியாக இருந்திருந்தால் இந்த ஓட்டமே கூடாது. "நீங்களும் ஒரு நிமிஷம் ஓடுங்க, ரெண்டு நிமிஷம் நடங்க. உங்க எலும்பையும் பார்க்கணும்ல?" என்று முடித்தார்.

தெருநாய்கள்தான் பெரிய தேர்வு. வீட்டிலிருந்து கடற்கரைக்குள் நான்கு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. டீக்கடைக்காரர்களுடையது முதல் எல்லை, இஸ்திரி வண்டி வரை. அதற்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம். ஓடிக்கொண்டே எல்லை தாண்டினால் நான்கும் துரத்தும். பத்தடி முன்பே ஓட்டத்தை நிறுத்தி, எதிர்ப்பக்கம் மாறி, கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, யார் கண்ணையும் பார்க்காமல் நடந்தால் உறுமலோடு முடிந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. இரண்டு முறை குச்சியோடு வந்து உதவியவர் பால் போடும் அண்ணன். "என்ன மேடம், நாய் உங்களை வாக்கிங் கூட்டிட்டுப் போகுதா?" என்ற ஜோக்கை அவரும் விடவில்லை. நாய் வளர்க்கிறவர்கள் வாரம் ஒரு முறையாவது கேட்டே ஆக வேண்டிய ஜோக் அது.

கடற்கரைக்கும் சில விதிகள் இருந்தன. உலர்ந்த மணலில் கால் புதைந்து இருவருக்கும் கெண்டைக்கால் வலித்தது. அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணல்தான் ஓட வசதி. மின்னல் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்தான். அதன்பிறகு பையில் தண்ணீர் பாட்டிலும் கிண்ணமும் ஏறின. எச்சம் அள்ளுவதற்குப் பழைய நியூஸ்பேப்பரும். ஜனவரியிலிருந்து கோடைத் தொடக்கம் வரை அந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். நாய்கள் குழியைத் தோண்டிவிடும். "கயித்தை மட்டும் அவிழ்த்துடாதீங்க ஆன்ட்டி" என்று ஆமை முட்டை தேடி நடந்துவந்த மாணவர்கள் சொன்னார்கள். அவிழ்க்கவில்லை.

மார்ச் முடிவதற்குள் சோபா பிழைத்துக்கொண்டது. அதாவது, மிச்சம் இருந்த சோபா. பகல் ஊளை நின்றது. அம்மாவுக்குப் புது ஷூ வந்தது. புனேயிலிருந்து மகன் அவர் போனில் ஓட்டத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். 2.3, 3.1, 3.8. தினமும் ராத்திரி அவனிடமிருந்து கட்டைவிரல் பொம்மை வரும். "அஞ்சு கிலோமீட்டர் அடிச்சிடும்மா!" இருபது வருடமாக மற்றவர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்த வீட்டில் தனக்கும் ஒருவர் மார்க் போடுகிறார் என்பதில் அம்மாவுக்கு ஒரு சந்தோஷம். யாருக்குத்தான் இருக்காது?

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கல்யாண ரிசப்ஷன், எழுந்திருக்கவே தாமதம். ஏழே முக்காலுக்குக் கிளம்பினார்கள். போன் 4.1 காட்டும்போது மின்னல் முதல்முறையாகப் பின்தங்கினான். ஒரு வேப்ப மர நிழலில் போய்ப் படுத்தான். இன்னும் கொஞ்சம்தான் என்று அம்மா கூப்பிட்டார். எழுந்துவிட்டான். நாய்கள் அப்படித்தான். கூட வருகிற ஆள் ஓடினால் ஓடும். 'என்னால் முடியவில்லை' என்பதை ஒரு தடவை படுத்துக் காட்டும். அதைப் பார்க்கவில்லை என்றால் இரண்டாவது தடவை விழுந்துதான் காட்டும்.

மின்னல் விழுந்தான். நாக்கு அகன்று தொங்கியது, ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, பின்னங்கால் பின்னியது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி இரைப்பதுதான் அதற்கு விசிறி. கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் அந்த விசிறி சரியாகச் சுற்றுவதில்லை. தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்த்து, வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் ஆகாது என்பார்கள். அன்றைக்கு அம்மா வைத்துப் பார்க்கவில்லை.

இளநீர்க்காரர் ஒருவர் தன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வயிறு, தொடை இடுக்கு, பாதம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அம்மா ஈரத் துப்பட்டாவை மேலே போர்த்தப் போனபோது, போனில் இருந்த மருத்துவர் தடுத்தார். போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஊற்றி ஊற்றி, காற்றுப் பட விட வேண்டும். குளிர வைத்த பிறகுதான் ஆட்டோ. நாயின் சாதாரண உடல் வெப்பம் 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. கிளினிக்கில் எடுத்தபோது மின்னலுக்கு 106. டிரிப்ஸ் ஏறியது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் ரத்தப் பரிசோதனை வந்த பிறகுதான் அம்மா ஒரு வாய் காபி குடித்தார்.

அன்று ராத்திரி தம்பிக்கு மறுபடி போன். கீழ்வீட்டுப் புகார் நின்றிருந்த நேரத்தில், முதல்முறையாக மனசார, "வந்து கூட்டிட்டுப் போடா. என்கிட்ட இருந்தா நானே கொன்னுடுவேன்" என்றார்.

மே வருவதற்குள் மின்னல் தேறிவிட்டான். பத்து நாள் வெறும் நடை, அதுவும் விடியும் முன். ஓட்டம் இல்லாத அந்த நாள்களில்தான் அம்மா அவனைக் கவனித்தார். ஒரு விளக்குக் கம்பத்தை முகர அவனுக்கு நான்கு நிமிடம். ஒரு தெருவை முகர்ந்து முடிக்க அரை மணி. வீட்டுக்கு வந்ததும் ஐந்து கிலோமீட்டர் ஓடியவனைப்போல் நீட்டி நிமிர்ந்து தூங்கினான். மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. மூக்கு வேலை செய்தால் மூளை களைக்கும் என்றார். தவிர, இந்த ஜாதி நாய் மராத்தான்காரன் இல்லை. முயல் ஓடுகிற அளவுக்குத்தான் அதன் ஓட்டம். ஒரே பாய்ச்சல், பிறகு ஓய்வு.

பக்கத்துத் தெருவில் காம்பவுண்ட் சுவர் வைத்த காலி மனை ஒன்று உண்டு. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கேட்டதும் சாவி கொடுத்தார்; முள்ளையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கதவைச் சாத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்ததும் மின்னல் போனான் பாருங்கள்! நான்கு காலும் தரையில் இல்லாத ஒரு கணம் அந்தப் பாய்ச்சலில் வரும். மூன்று சுற்று. பிறகு தானாகவே வந்து அம்மாவின் காலடியில் படுத்துக்கொண்டான். அம்மா தன் ஓட்டத்தைத் தனியாக வைத்துக்கொண்டார், சாயங்காலம், அவனை வீட்டில் விட்டுவிட்டு.

மே மூன்றாம் வாரம் தம்பி வந்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கேட்டார்: "அங்க எங்கடா ஓடுவான்?"

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. "யக்கா, உள்ளதைச் சொல்லுதேன். அங்கயும் கட்டித்தான் போடணும். காட்டுல அவுத்து விட்டா முயல் பின்னாடி போயிருவான். ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போட்டுருவாங்க. ஆட்டுக்காரங்க வேற சண்டைக்கு வருவாங்க. எனக்குக் காலையில கடை, ராத்திரி கடை. இவன்கூட ஓடுறதுக்கு அங்க யாரு இருக்கா?"

கிராமம் என்றால் நாய்க்குச் சொர்க்கம் என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வது வசதியான கற்பனை. முயல் வேட்டை 1972-ம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி குற்றம். வேட்டை இல்லாத கரிசலில் சிப்பிப்பாறை பல வீடுகளில் வாசல் காவல்தான், சங்கிலியோடு.

மறுநாள் விடிகாலை தம்பியும் காலி மனைக்கு வந்தார். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூன்று சுற்றையும் பார்த்தார். "நல்லாத்தான் வச்சிருக்க" என்றார். அன்று சாயங்காலமே, வந்த வண்டியில் தனியாகக் கிளம்பினார். மின்னலைக் கட்டிக் கூட்டிப்போக ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பருத்திக் கயிற்றை மட்டும் விட்டுவிட்டுப் போனார். பத்து முழம் இருக்கும். கடற்கரைக்குப் போகிற நாள்களில் இப்போது அதுதான். இடுப்பு பெல்ட்டில் அம்மா கட்டிக்கொள்கிறார், நடுவில் ஒரு முடிச்சு போட்டு, தெருநாய்களின் எல்லை வரும்போது சுருக்கிப் பிடிக்க.