ருமேனியா மேடையேறாத இரவு

தொகையைப் பார்த்தால் மிகச் சிறிய வழக்கு. லண்டனில் நான் நடத்திய பெரிய வழக்குகளில் பல இன்று நினைவில் இல்லை. இது மட்டும் போகவில்லை. ஓர் அரசு நிறுவனம் கட்டாமல் விட்ட கடன், அந்தக் கடனைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத சிலரை என் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்று நான் தேட வேண்டியிருந்தது.

விஷயம் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கியது. ஜெனீவாவில் இருக்கும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்துகிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. அரையிறுதி, பிறகு இறுதி. ருமேனியா 1994-இல் டப்ளின் மேடையில் அறிமுகமானது. 2005-லும் 2010-லும் மூன்றாம் இடம் பிடித்தது. அரையிறுதி முறை வந்த 2004 முதல் 2015 வரை ஓராண்டுகூட அது இறுதிச் சுற்றில் பாடாமல் இருந்ததில்லை. மே மாதம் வந்தால் ருமேனியக் குடும்பங்கள் டிவி முன் கூடி உட்காரும் அளவுக்கு அந்தப் போட்டி அவர்களுடையதாகிவிட்டது.

2016-ஆம் ஆண்டுப் போட்டி ஸ்டாக்ஹோமில். ஜனவரி 25 அன்று எந்த நாட்டுக்கு எந்த அரையிறுதி என்று சீட்டுக் குலுக்கினார்கள். ருமேனியாவுக்கு இரண்டாவது அரையிறுதி, மே 12. மார்ச் 6 அன்று பாயா மாரே நகரில் நடந்த தேசியத் தேர்வில் ஒவிடியு ஆன்டன் என்ற ராக் பாடகர் வென்றார். போட்டியின் அதிகாரப்பூர்வ இசைத்தட்டிலும் அவர் பாட்டு இடம்பெற்றது. ஏப்ரல் 22 அன்று எல்லாம் நின்றது. ருமேனியாவின் பொதுத் தொலைக்காட்சியான டிவிஆர் 2007 ஜனவரி முதல் சேர்த்துவைத்த பாக்கி 1 கோடியே 60 லட்சம் சுவிஸ் பிராங்க். ஏப்ரல் 20 என்ற கடைசிக் கெடுவும் கடந்ததால், உறுப்பினருக்கான சேவைகளை நிறுத்துவதாக ஒன்றியம் அறிவித்தது. செய்திப் பரிமாற்றம், விளையாட்டு ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றோடு பாட்டுப் போட்டியும் போயிற்று. 43 நாடுகளின் போட்டி 42 நாடுகளின் போட்டியானது. போட்டிக்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லை.

என்னிடம் வந்தவர்கள் லண்டனில் வேலை பார்க்கும் ருமேனியர்கள். 2014 தொடக்கத்தில் பிரிட்டனில் தங்குதடையின்றி வேலை செய்யும் உரிமை கிடைத்ததும் வந்து சேர்ந்தவர்கள். கட்டட வேலைக்காரர்கள், ஹோட்டல் பணியாளர்கள். அவர்களுக்காகப் பேசியது ஒரு மருத்துவமனைச் செவிலி. ஒரு சிறிய பயண நிறுவனத்திடம் விமானம், விடுதி, அரையிறுதி டிக்கெட் மூன்றும் சேர்ந்த ஸ்டாக்ஹோம் பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். தங்கள் நாடு இல்லை என்றானதும் பெரும்பாலோர் அடுத்த வேலைநாளிலேயே பயணத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதிவிட்டார்கள். ஒரு கணவன் மனைவி மட்டும் போய்வந்தார்கள். நிறுவனம் யாருக்கும் ஒரு பென்னிகூடத் திருப்பித் தர மறுத்தது. “போட்டி நடக்கிறது, விமானம் பறக்கிறது, அறை காலியாக இருக்கிறது. நீங்கள் வராதது உங்கள் விருப்பம்” என்பது அவர்கள் பதில்.

அந்தச் செவிலி கேட்டதைக் கிட்டத்தட்ட அவர் சொன்னபடியே சொல்கிறேன். “மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாரும் கொடி ஆட்டுவார்கள், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அதற்கா நான் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்தேன்?”

அவர் இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று, ஊரில் இருக்கும் அவர் தாயாரின் மின்கட்டண ரசீது. ருமேனியாவில் அப்போது தொலைக்காட்சிக் கட்டணம் மின்கட்டணத்தோடு சேர்த்தே வசூலிக்கப்பட்டது. மாதம் 4 லேய் தனி வரியில் அச்சாகியிருந்தது. “அம்மா ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. பிறகு கடன் யாருடையது?” என்றார். மனதைத் தைத்த கேள்வி. ஆனால் அதை வைத்து வழக்கு நடத்த முடியாது. யூரோவிஷனில் சட்டப்படி உறுப்பினர் நாடு அல்ல. அந்த நாட்டின் ஒலிபரப்பு நிறுவனம். ஒன்றியத்தின் விதிகள் ஒன்றியத்துக்கும் டிவிஆருக்கும் இடையிலானவை. கட்டணம் கட்டிய தாயாருக்கும், பாடவிருந்த பாடகருக்கும், டிக்கெட் வாங்கிய மகளுக்கும் அந்த விதிகளின் கீழ் குரல் எழுப்ப இடமில்லை. ஜெனீவாவை நோக்கிப் போகும் வழி அடைபட்டிருந்தது.

இரண்டாவது காகிதம் பயண நிறுவனத்தின் விளம்பரத் துண்டு. நீலம், மஞ்சள், சிவப்பு என ருமேனியக் கொடியின் மூன்று நிறங்களும் மேல்பகுதியை நிறைத்திருந்தன. கீழே நாள்வாரியான நிகழ்ச்சி நிரல். மே 12-க்கு எதிரே, ‘ருமேனியா மேடையேறும் இரவு, நம் பாடகருக்கு நாம் இருக்கிறோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அடியில் பொடி எழுத்தில் ‘கலைஞர்கள் மாறுதலுக்கு உட்பட்டவர்கள்’ என்று ஒரு வரி. என் வழக்கு முழுவதும் இந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

இப்படியொரு சிக்கலுக்கு ஆங்கிலச் சட்டத்தில் புகழ்பெற்ற இரண்டு முன்தீர்ப்புகள் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவைப் படிக்கும் மாணவர்கள் முதலில் சந்திப்பதும் இவற்றைத்தான். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்க்க, லண்டன் பால்மால் தெருவிலுள்ள அறைகளை ஹென்றி என்பவர் இரண்டு பகல்களுக்கு 75 பவுண்டு பேசி எடுத்தார். 25 பவுண்டு முன்பணமும் கொடுத்தார். மன்னருக்கு அறுவை சிகிச்சை ஆனதால் ஊர்வலம் ரத்தானது. மீதிப் பணத்தைக் கேட்டு உரிமையாளர் கிரெல் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்துக்கு அடித்தளமே ஊர்வலம், அது போனபின் மீதியைக் கட்ட வேண்டியதில்லை என்று 1903-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத் தாளில் ஊர்வலம் என்ற சொல்கூட இல்லை. சூழ்நிலையிலிருந்தே நீதிபதிகள் அதை உணர்ந்தார்கள்.

இரண்டாவது, ஹெர்ன் பே படகு வழக்கு. அதே முடிசூட்டை ஒட்டி, மன்னர் கடற்படையைப் பார்வையிடுவதைக் காணவும் கப்பல்களைச் சுற்றிவரவும் ஹட்டன் என்பவர் ஒரு நீராவிப் படகை 250 பவுண்டுக்குப் பேசினார். மன்னர் வரவில்லை, ஆனால் கப்பல்கள் அங்கேயே நின்றன. சுற்றிவர என்ன தடை என்று கேட்ட நீதிமன்றம், ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஹெர்ன் பே வழக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 42 நாடுகள் பாடின, அரங்கு நிறைந்திருந்தது. ஒரு கப்பல் குறைந்ததால் கடற்படை இல்லாமல் போய்விடுமா என்று கேட்டார். வலுவான வாதம். போட்டி மொத்தமும் ரத்தாகியிருந்தால் கிரெல் தீர்ப்பு எனக்குக் கை கொடுத்திருக்கும். இங்கே அது தனியாக நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

அதனால், 2018 வரை நடப்பில் இருந்த 1992-ஆம் ஆண்டின் தொகுப்புச் சுற்றுலா விதிமுறைகளை முன்னால் வைத்தேன். பயண நிறுவனம் தன் விளம்பரத் தாளில் தரும் விவரங்கள் ஒப்பந்தத்தின் உத்தரவாதங்களாகவே கொள்ளப்படும் என்றது அதன் 6-ஆவது விதி. புறப்படுவதற்கு முன் முக்கிய அம்சம் ஒன்று பெரிதாக மாறினால் பயணி விலகிக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றன 12, 13-ஆவது விதிகள். இவர்கள் விற்றது வெறும் ஸ்டாக்ஹோம் பயணமா, ருமேனியாவுக்காகக் குரல் கொடுக்கும் பயணமா என்பதே கேள்வி.

கவுன்டி நீதிமன்றத்தின் சிறு தொகை வழக்குப் பிரிவில் விசாரணை. நீதிபதி அந்தத் துண்டுத் தாளைக் கையில் எடுத்து, நாள்வாரி நிரலை ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு எதிர்த்தரப்பைப் பார்த்து, இதே பயணத்தை ஒரு ஸ்பெயின்காரருக்கு இதே தாளைக் கொடுத்து விற்றிருப்பீர்களா என்று கேட்டார். உடனே பதில் வரவில்லை. ‘கலைஞர்கள் மாறுதலுக்கு உட்பட்டவர்கள்’ என்ற பொடி எழுத்தை வக்கீல் சுட்டிக்காட்டினார். பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் வேறொருவர் பாடினால் அந்த வரி பொருந்தும், நாடே பட்டியலில் இல்லாமல் போவதை அது தாங்காது என்றேன். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார்.

மின்கட்டண ரசீதைச் செவிலி நீட்டியபோது, இது இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று நீதிபதி மெல்லச் சொன்னார். அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனாலும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. கிரெல் வழக்கு பொருந்தாது, ஏனென்றால் போட்டி நடந்தது. ஆனால் ருமேனியாவின் பங்கேற்பைப் பயணத்தின் முக்கிய அம்சமாக விற்றது நிறுவனமே. ஆகவே உடனே விலகியவர்களுக்கு முழுப் பணமும் உண்டு. போய்வந்த தம்பதிக்குப் பயணத்தின் பயன் கிடைத்துவிட்டதால் சிறிய நஷ்டஈடு மட்டும். என் கட்சிக்காரர்கள் நியாயம் கிடைத்ததாகவே எண்ணினார்கள். எனக்கு மனம் நிறையவில்லை. தீங்கின் மூலத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை, தொடவும் முடியாது. பயண நிறுவனம் செய்தது மிகைப்படுத்திய விளம்பரம் மட்டுமே. போட்டியிலிருந்து நாட்டை எடுத்தது அது அல்ல.

ஒன்றியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஒன்பது ஆண்டுகள் பொறுத்தார்கள். ஒருவர் கட்டாத பாக்கி சந்தாவை ஒழுங்காகக் கட்டும் மற்ற நிறுவனங்களின் தலையில்தான் விடியும். கடனைக் கேட்பதும், தராவிட்டால் சேவையை நிறுத்துவதும் அவர்கள் உரிமை. நான் கேள்வி கேட்பது அவர்கள் தேர்ந்தெடுத்த நாளைப் பற்றி. கல்யாண மண்டப வாடகை பாக்கி என்றால் பத்திரிகை அடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பந்தி போட்டபின் கதவைப் பூட்டுவது வசூல் முறை ஆகாது. ஜனவரியில் அந்த நாட்டின் பெயரைக் குலுக்கலில் சேர்த்தவர்களுக்கு அப்போதே பாக்கி எவ்வளவு என்று தெரியும். அதன் பிறகுதான் ஒரு பாடகர் தேசியத் தேர்வில் வென்றார், ரசிகர்கள் பணம் கட்டினார்கள்.

ருமேனியா 2017-இல் கீவ் நகருக்குத் திரும்பி வந்து ஏழாம் இடம் பிடித்தது. அதே ஆண்டு அங்கே தொலைக்காட்சிக் கட்டணம் ஒழிக்கப்பட்டு, டிவிஆரின் செலவு அரசு பட்ஜெட்டுக்கு மாறியது. ஆனாலும் நிலை உறுதிப்படவில்லை. 2018-இல் முதல்முறையாக அரையிறுதியோடு வெளியேறியது. 2023-இல் அரையிறுதியில் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 2024-லும் 2025-லும் கலந்துகொள்ளவில்லை. 2026 வியன்னா போட்டிக்கான பட்டியலில்தான் மறுபடி பெயர் வந்தது. போஸ்னியாவின் நிலை இதைவிட மோசம். அதே ஸ்டாக்ஹோம் மேடையில் பாடிய அந்த நாடு, ஒலிபரப்பு நிறுவனத்தின் கடன் சுமையால் இதுவரை திரும்பவே இல்லை. அங்கும் கடன்பட்டவர்கள் பாடகர்களோ ரசிகர்களோ அல்லர்.

பாக்கிக்காக ஓர் உறுப்பினரை நிறுத்துவதானால் சீட்டுக் குலுக்கலுக்கு முன் நிறுத்த வேண்டும்; அந்தக் கெடு தாண்டினால் அவ்வாண்டுப் போட்டியில் கைவைக்காமல் மற்ற சேவைகளிலும் வாக்குரிமையிலும் கணக்குத் தீர்க்க வேண்டும். இப்படியொரு விதி எழுதுவது கடினமில்லை. பாக்கியைக் கேட்கும் உரிமையையும் அது குறைக்காது. அது 2016 ஜனவரியில் இருந்திருந்தால், பாயா மாரேயில் வென்றவர் எதற்காகப் பாடுகிறோம் என்று தெரிந்து பாடியிருப்பார், அந்தச் செவிலி தன் இரவு ஷிப்ட் பணத்தை வேறெதற்காவது வைத்திருப்பார், என்னிடம் இந்த வழக்கு வந்தே இருக்காது.