மலைக்கு யார் போகலாம்?

விடுமுறையில் பச்சைமலையில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்குவது என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். நான் வரவில்லை என்றேன். "பயமா?" என்று சிரித்தார்கள். பயந்தான். பாம்புக்கு அல்ல, தீக்கு.

தென்னூரில் பிறந்த எனக்கு மலை என்றால் மலைக்கோட்டைதான். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் தந்தை, துறையூர் வழியாக வந்திறங்கும் பச்சைமலை மரவள்ளிக் கிழங்கைச் சுமந்திருக்கிறார்; அந்த மலையைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது கல்லூரிக் களப்பயணத்தின் புண்ணியத்தால். அன்று பாடப் புத்தகத்துச் செடிகள் உயிரோடு எதிரே நின்றன. ஆகவே, மலைக்கு யாருமே போகக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் குரங்கணியை மறக்க முடியுமா, நண்பர்களே? சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்து போனவர்கள் கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு, 2018 மார்ச் 11 அன்று இறங்கி வரும்போது புல்வெளித் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் நம் அண்ணன், அக்காள் வயதினர். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடும். அதனால் ஏற ஏற அதன் வேகம் கூடும்; மனிதக் காலால் முந்த இயலாது. தரைத்தீயில் கருகும் நாற்றுகளுக்கோ ஓடக் காலே இல்லை.

காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழைவதையும் தீ மூட்டுவதையும் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டமே குற்றம் என்கிறது. நம்மவர்களோ கூடாரம் என்றதும் அடுப்பைத்தான் முதலில் நினைக்கிறார்கள்! கோடையில் மலையை மூடுவதும், இரவுத் தங்கலை மறுப்பதும் நியாயமே என்பேன்.

மனம் உறுத்துவது வேறொன்று. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. உள்ளூர் மலைமக்கள் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள்; நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டணம் சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரை. அந்தப் பட்டியலில் திருச்சி மாவட்டமும் இல்லை. காசுள்ளவன் சீட்டு வாங்கிப் போவான். துணிந்தவன் திருட்டுத்தனமாய் ஏறுவான். மூட்டை தூக்குபவரின் மகன் எந்த வழியில் போவது?

அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பகற்பயணம் வேண்டும். பச்சைமலையிலேயே, வனத்துறைக் காவலர் துணையோடு, அடுப்பின்றி, கட்டுச்சோற்றோடு. நம் துறைப் பேராசிரியர்கள் இப்போதே மனு எழுதினால் டிசம்பருக்குள் அனுமதி கிடைக்கலாம். மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும் மாதம் அது.