கன்ட்ரோலர் வாங்கும் முன்

இன்வர்ட்டருடன் ஏற்கெனவே இருக்கும் 12 வோல்ட் ட்யூபுலர் பேட்டரியைச் சோலாரில் சார்ஜ் செய்யலாம் என்று கடைக்குப் போனால், முதலில் வந்து விழும் கேள்வி, “பி.டபிள்யூ.எம். வேணுமா, எம்.பி.பி.டி. வேணுமா?” என்பதுதான். இரண்டும் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலர் வகைகள். முன்னது மலிவு, பின்னது உசத்தி என்று ஒரே வரியில் விளக்கமும் கிடைத்துவிடும். அந்த விளக்கம் பாதிதான் சரி. பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜைவிட எவ்வளவு அதிகம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்த கன்ட்ரோலர், எப்படி வயரிங் என்ற இரண்டுமே அதைப் பொறுத்தவை.

36 செல் கொண்ட 100 வாட் பேனலை எடுத்துக்கொள்வோம். அது முழுத்திறனில் ஏறக்குறைய 18 வோல்ட், 5.5 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம். பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்க்கும் ஒரு சுவிட்ச்தான். ஆகவே பேனலும் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. கைக்கு வருவது 72 வாட் அளவே. எம்.பி.பி.டி.யோ பேனலை 18 வோல்ட்டிலேயே நிறுத்தி, மிஞ்சும் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தருகிறது. காகிதத்தில் இது பெரிய லாபம். ஆனால் அந்த 18 வோல்ட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாதத்து வேலூர் மொட்டைமாடியில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் என்று குறைந்து 18 வோல்ட் 15.5 ஆகிவிடும். சார்ஜ் ஏறிய பேட்டரியோ 14 வோல்ட்டில் நிற்கும். லாபம் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான். அதிலும் கொஞ்சத்தைக் கன்ட்ரோலரே தின்றுவிடும். இப்படி ஒற்றைச் சிறு பேனலுக்கு பி.டபிள்யூ.எம். போதும் என்பதே என் தீர்மானம்.

அதே தீர்மானத்தை 72 செல் கொண்ட 330 வாட் பேனலுக்கும் நீட்டினால் பெரும் நஷ்டம். அது 37 வோல்ட், 9 ஆம்பியர் பேனல். 12 வோல்ட் பேட்டரியில் பி.டபிள்யூ.எம். வழியாகக் கொடுத்தால் 9 ஆம்பியர்தான் வரும், 117 வாட். மூன்றில் இரண்டு பங்கு கூரையோடு போயிற்று. இங்கே எம்.பி.பி.டி. ஆடம்பரமே இல்லை. வாங்கியது உண்மையான எம்.பி.பி.டி.தானா என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பெயரை மட்டும் அச்சடித்து விற்பதும் நடக்கிறது. பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும் ஒரு நண்பகலில், பேனல் வயரிலும் பேட்டரி வயரிலும் டி.சி. கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பாருங்கள். பேட்டரிப் பக்கம் ஆம்பியர் கூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் பெட்டிக்குள் இருப்பது பி.டபிள்யூ.எம்.

வயரிங்கிலும் இதே கணக்குதான். இந்தப் பேனல் இரண்டைப் பேரலலில் சேர்த்தால் 18 ஆம்பியர் ஓடும், சீரீஸில் 9 மட்டுமே. மாடியிலிருந்து கன்ட்ரோலர் 20 மீட்டர் தள்ளி இருந்து, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டிருந்தால், பேரலலில் சுமார் 60 வாட் வயரைச் சூடாக்கவே போகும், சீரீஸில் 15. “சீரீஸில் ஒரு பேனலில் நிழல் விழுந்தால் எல்லாம் போச்சு” என்பார்கள். பேனலுக்குள் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருப்பதை அந்தப் பேச்சு மறந்துவிடுகிறது. ஒரு தென்னை மட்டையின் நிழல் பேனலின் மூன்றில் ஒரு பகுதியை மறைத்தால், டயோடு அந்தப் பகுதியை மட்டும் விலக்கிவிடும். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். பேரலலில் அதே நிழல் பட்ட பேனல், பக்கத்துப் பேனலின் 37 வோல்ட்டுக்கு எட்டமுடியாமல் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறது. ஒன்று கிழக்கும் ஒன்று மேற்கும் பார்க்கும் கூரை என்றால் மட்டும் நான் பேரலல் பக்கம்.

சீரீஸில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது குளிர். லோடு இல்லாதபோது இந்தப் பேனல் 46 வோல்ட் காட்டும். மூன்று சேர்ந்தால் 138. ஊட்டியில் உறைபனி விழுந்த ஜனவரிக் காலையில், செல் சூடேறுமுன் வெயில் பட்டால் அது 148 வரை ஏறும். கன்ட்ரோலரின் உச்சவரம்பு 150 என்றால், அந்தச் சிறு இடைவெளியை நம்பி அங்கே மூன்றாவது பேனலைச் சீரீஸில் சேர்க்கக் கூடாது.